உறை போர்த்திய குண்டுகளை எண்ணுகிறவர்கள்

அணு ஆயுத ஒப்பந்தம் என்றாலே இரண்டு தலைவர்கள் நீளமான மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் கைகுலுக்கும் படத்தைத்தான் போடுவார்கள். எனக்கு அந்தப் படத்தில் பெரிய சுவாரஸ்யம் கிடையாது. ஒப்பந்தத்தின் வாலாக நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நீளும் நெறிமுறைகளும் பின்னிணைப்புகளும் இருக்கின்றனவே, அவற்றைத்தான் பல வருடங்களாக விரும்பிப் படித்துக்கொண்டிருக்கிறேன். சோதிக்க வருகிறவர் எந்த ஊரில் வந்து இறங்கலாம், பெட்டியில் என்னென்ன கருவி வைத்திருக்கலாம், ஃபோட்டோ எடுக்க வேண்டும் என்றால் யார் எடுப்பது, தகராறு வந்தால் எங்கே கூடிப் பேசுவது என்று ஒன்று விடாமல் எழுதியிருப்பார்கள். படிக்கத் தூக்கம் வரும் நடைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவரை ஒருவர் துளிகூட நம்பாத இரண்டு தரப்பு, நம்பாமலேயே சேர்ந்து வேலை பார்ப்பதற்கு என்ன வழி என்று உட்கார்ந்து யோசித்து எழுதிய பக்கங்கள் அவை. அப்படி நினைத்துக்கொண்டு படித்தால் தூக்கம் போய்விடும்.

2026 பிப்ரவரி 5-ம் தேதியோடு நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்தின் ஆயுள் முடிந்தது. 2010 ஏப்ரலில் பிராக் நகரில் அமெரிக்க அதிபர் ஒபாமாவும் ரஷ்ய அதிபர் மெத்வதேவும் கையெழுத்திட்டது. அமெரிக்காவும் ரஷ்யாவும் ஆளுக்கு 1,550 வெடிமுனைகளுக்கு (ஏவுகணையின் தலையில் வைக்கும் அணுகுண்டுகள்) மேல் தயார் நிலையில் வைத்திருக்கக் கூடாது, அவற்றைச் சுமக்கும் ஏவுகணைகளும் விமானங்களும் 700-ஐத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. காலக்கெடு நெருங்கியபோது எல்லோரும் ஐயோ 1,550 போகிறதே என்றுதான் எழுதினார்கள். என்னைக் கேட்டால் எண் போனது இரண்டாம்பட்சம். ஒருவர் தளத்துக்குள் இன்னொருவர் நுழைந்து பார்க்கும் உரிமை போனதுதான் பெரிய நஷ்டம், அது 2026 வரைக்கும் காத்திருக்கவும் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நேரடிச் சோதனைகளை இரு தரப்பும் நிறுத்தி வைத்தார்கள், 2022 ஆகஸ்டில் ரஷ்யா இனி வர வேண்டாம் என்றது, 2023 பிப்ரவரியில் புதின் ஒப்பந்தத்தையே இடைநிறுத்திவிட்டார். கடைசி மூன்று வருடம் ஒப்பந்தம் பேருக்குத்தான் உயிரோடு இருந்தது.

அந்த நேரடிச் சோதனை எப்படி நடந்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. வருடத்துக்கு 18 சோதனைகள். பத்துப் பேருக்கு மிகாத ஒரு குழு வந்து இறங்கும். எந்தத் தளத்துக்குப் போகப்போகிறார்கள் என்பதை நாட்டுக்குள் வந்த பிறகுதான் வாயைத் திறந்து சொல்வார்கள். சொன்ன கொஞ்ச நேரத்துக்குள் அந்தத் தளத்தில் ஏவுகணைகளை இடம் மாற்றுவது நின்றுவிட வேண்டும். அங்கே போனதும், எந்தெந்த ஏவுகணையில் எத்தனை வெடிமுனை பொருத்தியிருக்கிறது என்ற கணக்கைத் தளத்துக்காரர்கள் கையில் கொடுப்பார்கள். வந்தவர்கள் அதில் ஒரு ஏவுகணையைத் தேர்ந்தெடுத்து, இதைத் திறந்து காட்டுங்கள் என்பார்கள். மூக்குப் பகுதியின் மேல்மூடியை எடுத்துவிட்டுத்தான் காட்டுவார்கள், ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு வெடிமுனைக்கும் தனித்தனியாக உறை மாட்டியிருக்கும். வெடிமுனையின் வடிவம் ராணுவ ரகசியம், அது கண்ணில் படக் கூடாது. எண்ணிக்கை ரகசியமில்லை, அது தெரிந்தாக வேண்டும். ஆகவே சோதனையாளர்கள் பக்கத்தில் நின்று மூடிய உருவங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். அதில் ஏதோ ஒன்றைக் காட்டி, இது வெடிமுனை கிடையாது, வேறு சாமான் என்று தளத்துக்காரர் சொன்னால், நியூட்ரான் அளக்கும் கருவியை வைத்துச் சரிதானா என்று பார்க்கலாம். முடிந்ததும் அறிக்கையில் இருவரும் கையெழுத்து. அவ்வளவுதான்.

ஒரு ஏவுகணையைத்தானே பார்த்தார்கள், மீதி நூற்றுக்கணக்கானவற்றில் ஏமாற்றியிருந்தால் என்று கேட்கலாம். எதைத் திறக்கச் சொல்வார்கள் என்று தெரியாததால் எதிலும் ஏமாற்ற முடியாது, சூட்சுமமே அதுதான். போதாக்குறைக்கு ஒவ்வொரு ஏவுகணைக்கும் ஒரு அடையாள எண் உண்டு, அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்ததிலிருந்து தளம் மாறுவது, அழிக்கப்படுவது வரை எல்லாவற்றையும் மறுதரப்புக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தம் உயிரோடு இருந்த காலத்தில் 328 நேரடிச் சோதனைகளும், 25,000-க்கு மேற்பட்ட தகவல் பரிமாற்றங்களும் நடந்தன. கிரிமியாவை ரஷ்யா பிடித்துக்கொண்ட 2014-லும் இந்த வேலை பாட்டுக்கு நடந்துகொண்டுதான் இருந்தது.

இதற்கு நேர்மாறாக, பார்க்க வழியே இல்லாத காலம் எப்படி இருந்தது? 1950-களின் கடைசியில் சோவியத்திடம் நூற்றுக்கணக்கில் ஏவுகணை சேரப்போகிறது, நாம் பின்தங்கிவிட்டோம் என்று அமெரிக்காவில் ஒரே கூப்பாடு. 1960 தேர்தலில் கென்னடி இதைப் பெரிய விஷயமாக்கினார். 1961-ல் கொரோனா என்ற உளவு செயற்கைக்கோள் (ஆமாம், பேர் அதுதான், என்ன செய்வது) எடுத்த படங்களை வைத்துப் பார்த்தால், தயார் நிலையில் இருந்த சோவியத் ஏவுகணைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அதற்குள் அமெரிக்காவின் உற்பத்தித் திட்டங்கள் முடுக்கிவிடப்பட்டுவிட்டன, அதைப் பார்த்து சோவியத்தும் முடுக்கியது. 1986 வாக்கில் உலகத்தில் 70,000 அணு ஆயுதங்கள். இன்றைக்கு 12,000 சொச்சம். எதிராளியின் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது எந்தத் தளபதியும் குறைத்து மதிப்பிட மாட்டார், அவர் வேலையே அதிகமாக நினைப்பதுதான்.

ஆரம்பத்தில் சோவியத் தரப்பு வெளியாளை உள்ளே விடுவதில் தாராளம் காட்டவில்லை. 1963-ல் அணு சோதனைகளை முழுசாகத் தடை செய்ய வந்த வாய்ப்பு நழுவியதே இதனால்தான். நிலத்தடியில் வெடித்தால் நிலநடுக்கமா குண்டா என்று சந்தேகம் வரும், வந்தால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், வருடத்துக்கு எத்தனை முறை என்பதில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் மூன்று என்றார், அமெரிக்கா ஏழுக்குக் கீழே இறங்கவில்லை. மூன்றா ஏழா என்று இழுத்து, கடைசியில் நிலத்தடிச் சோதனையை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் தடை செய்தார்கள். அதற்கப்புறம் பல பத்தாண்டுகளுக்கு நெவாடாவிலும் கஜகஸ்தானின் செமிபலாட்டின்ஸ்கிலும் நிலத்துக்கடியில் வெடித்துத் தள்ளினார்கள். இன்று அந்த ஏழும் மூன்றும் தேவையே பட்டிருக்காது. குண்டு வெடித்தால் மண்ணை எல்லாத் திசையிலும் வெளிப்பக்கமாகத் தள்ளும், நிலநடுக்கத்தில் ஒரு பக்கம் தள்ளி இன்னொரு பக்கம் இழுக்கும், இதை வைத்தே வெகுதூரத்திலிருந்து பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடலாம். வியன்னாவைத் தலைமையிடமாகக் கொண்ட அணு சோதனைத் தடை அமைப்புக்கு 337 நிலையங்களும் ஆய்வகங்களும் கொண்ட வலைப்பின்னல் திட்டமிடப்பட்டு, பெரும்பகுதி வேலை செய்கிறது. வடகொரியா வெடித்த ஆறு சோதனைகளும் அதில் சிக்கின. 2017-ல் மூழ்கிப்போன அர்ஜென்டினா நீர்மூழ்கிக் கப்பலின் கடைசிச் சத்தத்தைக்கூட அதன் கடலடி மைக்குகள்தான் பிடித்தன. வேடிக்கை என்னவென்றால் 1996-ல் கையெழுத்துக்கு வந்த அணு சோதனைத் தடை ஒப்பந்தம் இன்னும் சட்டப்படி அமலுக்கு வரவில்லை. கண்காணிப்பு நடக்கிறது, ஒப்பந்தம் நடக்கவில்லை.

உள்ளே விட்டுப் பார்ப்பது உண்மையில் தொடங்கியது 1987 டிசம்பரில், ரீகனும் கோர்பச்சேவும் போட்ட ஐஎன்எஃப் ஒப்பந்தத்தில். 500 முதல் 5,500 கிலோமீட்டர் வரை பாயும், தரையிலிருந்து ஏவும் ஏவுகணைகள் அத்தனையும் ஒழிய வேண்டும். 2,692 ஒழிந்தன, அதில் 1,846 சோவியத்துடையவை. எனக்கு இதில் பிடித்த கதை வோட்கின்ஸ்க். யூரல் மலைப் பக்கம் இருக்கும் ஊர், இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி பிறந்த இடம், வெளிநாட்டுக்காரர் காலே வைக்க முடியாத ரகசிய ஆலை இருந்த ஊர். அந்த ஆலையின் வாசலில் 1988-லிருந்து 13 வருடம் அமெரிக்கர்கள் குடியிருந்து காவல் காத்தார்கள். அதே மாதிரி யூட்டா மாநிலத்தில் மாக்னா என்ற இடத்து ஆலை வாசலில் சோவியத்துக்காரர்கள்.

வாசலில் எதற்கு ஆள்? ஒழிக்க வேண்டிய எஸ்எஸ்-20 ஏவுகணையும், ஒப்பந்தம் அனுமதித்த எஸ்எஸ்-25 ஏவுகணையும் அதே ஆலையில் செய்யப்பட்டவை, இரண்டின் முதல் அடுக்கும் வெளியே பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. எஸ்எஸ்-25 என்று பெயர் சொல்லி உள்ளே எஸ்எஸ்-20-ஐ அனுப்பினால் யாருக்குத் தெரியும். அதனால் அமெரிக்கர்கள் கார்கோஸ்கேன் என்ற பெரிய எக்ஸ்ரே இயந்திரத்தைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்கள். ரயில் பெட்டியில் வெளியே போகும் ஏவுகணையின் இரண்டாம் அடுக்கை அது படம் எடுக்கும், அங்கேதான் வித்தியாசம் தெரியும். 1990 மார்ச்சில் இந்த எக்ஸ்ரே விதிகளில் தகராறாகி, சோவியத் தரப்பு படம் எடுக்க விடாமலேயே சில ஏவுகணைகளை வெளியே அனுப்பிவிட்டது. ஒப்பந்தம் உடைந்ததா? இல்லை. தகராறுகளைப் பேசவென்றே ஒப்பந்தம் அமைத்த கமிஷனில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள், எக்ஸ்ரே எடுக்கும் முறையைத் திருத்தினார்கள், வேலை தொடர்ந்தது. ஒப்பந்த மீறல் என்று நாம் செய்தியில் படிப்பதில் பாதி இந்த ரகம்தான் என்பது என் அபிப்பிராயம். தகராறைப் பேசித் தீர்க்க ஒரு அறை இருக்கும் வரை அது மீறலாக முற்றுவதில்லை.

அதே ஐஎன்எஃப் 2019-ல் செத்தது, பேச அறை இருந்தும். ரஷ்யாவின் 9எம்729 ஏவுகணை 500 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது என்றது அமெரிக்கா. இல்லவே இல்லை என்ற ரஷ்யா, 2019 ஜனவரியில் மாஸ்கோவுக்கு வெளியே அதன் குழலைக் கொண்டுவந்து நிறுத்திப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டியது. நிறுத்தி வைத்த குழலைப் பார்த்து எவ்வளவு தூரம் பறக்கும் என்று எப்படிச் சொல்வது? ஒப்பந்தத்தின் நேரடிச் சோதனை அதிகாரம் 2001-லேயே காலாவதியாகிவிட்டது, அதுதான் விஷயம். தடை மட்டும் மிஞ்சியது, போய்ப் பார்க்கும் உரிமை மிஞ்சவில்லை.

ஏவுகணையை எண்ணலாம், அதன் தலையில் இருப்பதை உறை போட்டு எண்ணலாம், ஆனால் கிடங்கில் சும்மா கிடக்கும் வெடிமுனையை எண்ணுவதற்கு மட்டும் அமெரிக்கா, ரஷ்யா இடையே இதுவரை ஒரு ஒப்பந்தமும் அமலுக்கு வரவில்லை. ஏன் என்பதற்கு 1989 ஜூலையில் கருங்கடலில் நடந்த ஒரு விநோதமான சோதனை பதில் சொல்லும். யால்டா அருகே ஸ்லாவா என்ற சோவியத் போர்க்கப்பலில், நிஜ அணு வெடிமுனை பொருத்திய க்ரூஸ் ஏவுகணையின் (விமானம் மாதிரி பறந்து போகும் ரகம்) குழல் மேல் தங்கள் காமா கதிர்க் கருவியை வைத்துப் பார்க்க அமெரிக்க விஞ்ஞானிகளை அனுமதித்தார்கள். வந்தவர்கள் அமெரிக்க அரசாங்க ஆட்கள் இல்லை, ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு திரட்டிய விஞ்ஞானிகள். சோவியத் அறிவியல் அகாதமியோடு சேர்ந்து செய்தார்கள். கருவி உள்ளே இருந்த யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் காட்டிக்கொடுத்துவிட்டது. அதுவே சிக்கலும். நல்ல கருவி என்றால் குண்டு இருக்கிறது என்று சொல்வதோடு நிற்காது, எப்படிச் செய்த குண்டு என்பதையும் கக்கிவிடும்.

இதற்கு 2014-ல் பிரின்ஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் ஒரு வழி சொன்னார்கள், அதை முதலில் படித்தபோது அசந்துவிட்டேன். நிஜமென்று தெரிந்த ஒரு குண்டின் வழியாக நியூட்ரான்களைச் செலுத்தினால் மறுபக்கம் ஒரு பிம்பம் விழும். அதன் எதிர்ப் பிம்பத்தைக் குண்டின் சொந்தக்காரரே கருவியில் முன்கூட்டி ரகசியமாகப் பதித்து வைத்துவிடுவார். அப்புறம் சோதிக்க வேண்டிய குண்டின் வழியாகச் செலுத்துங்கள். அது நிஜமானால் இரண்டும் கூடி ஒன்றையொன்று நிரப்பி, எந்த வடிவமும் தெரியாத வெறும் சமதளமாக வரும். போலியானால்தான் ஏதாவது தெரியும். கருவியில் தப்பான பிம்பத்தைப் பதித்து ஏமாற்றினால்? எந்தக் கருவியை எந்தக் குண்டுக்கு வைப்பது என்பதைச் சோதிக்கிறவர் கடைசி நேரத்தில் தேர்ந்தெடுப்பார், அவ்வளவுதான். மறுபடியும் பாருங்கள், அதே பழைய சூட்சுமம்.

சரி, இப்போதைய போர்களுக்கு வருவோம். 2025 ஜூன் 1-ம் தேதி உக்ரைன், லாரிகளில் மரக் கொட்டகைக் கூரைக்குள் ஒளித்துக் கொண்டுபோன சின்னச் சின்ன ட்ரோன்களை வைத்து சைபீரியாவின் பெலாயா, வடக்கே ஒலென்யா என்று ரஷ்யாவின் குண்டுவீச்சு விமானத் தளங்களைத் தாக்கியது. மறுநாளே இணையம் முழுக்க ஒரு விளக்கம் சுற்றியது: நியூ ஸ்டார்ட் ஒப்பந்தப்படி விமானங்களைச் செயற்கைக்கோளுக்குத் தெரியும்படி வெட்டவெளியில்தான் நிறுத்த வேண்டுமாம், அதனால்தான் மாட்டிக்கொண்டார்களாம். படிக்கப் பிரமாதமாக இருக்கிறது, ஆனால் தப்பு. கண்காணிப்பைக் கெடுக்கும்படி மறைக்கக் கூடாது என்றுதான் ஒப்பந்தம் சொல்கிறது, வெயில் மழைக்கான கொட்டகைக்கு அதே பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. அடிபட்டவற்றில் டியு-22எம்3 விமானங்கள் அந்த ஒப்பந்தக் கணக்கிலேயே வராதவை. தவிர, ரஷ்யா ஒப்பந்தத்தை நிறுத்தி இரண்டு வருடம் தாண்டியிருந்தது. வெட்டவெளியில் நிறுத்தியதற்குக் காரணம் அலட்சியம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கட்டுக்கதையைத் திருத்துவதில் எனக்கு இவ்வளவு ஆர்வம் ஏன் என்றால், பார்க்க விட்டதால்தான் அடிபட்டோம் என்ற எண்ணம் ராணுவங்களில் வேரூன்றினால் அடுத்த ஒப்பந்தத்தில் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

அந்தத் தாக்குதலில் நிஜமாகவே கவலைப்பட வேண்டியது வேறு. டியு-95 மாதிரி விமானங்கள் உக்ரைன் மேல் சாதாரண ஏவுகணைகளையும் வீசுகின்றன, அணு ஆயுதத்தையும் சுமக்கக் கூடியவை. உக்ரைன் பார்வையில் அது தன் ஊர்களை எரிக்கும் விமானம், மாஸ்கோ பார்வையில் அணுப்படையின் ஒரு பகுதி. 2024 மே மாதம் ரஷ்யாவின் அர்மாவிர் ரேடார் நிலையம் தாக்கப்பட்டதும் இப்படித்தான். வரும் அணு ஏவுகணையை முன்கூட்டிப் பார்க்கும் கண் அது. சாதாரணப் போரில் ஒரு தரப்பின் அந்தக் கண்ணைக் குத்தினால், குத்தியவர் நினைத்ததும் குத்துப்பட்டவர் நினைப்பதும் ஒன்றாக இருக்காது. சீனாவின் டிஎஃப்-26, ரஷ்யாவின் கின்ஷால், இஸ்கந்தர் எல்லாமே இரண்டு வேலைக்கும் ஆனவை, பாய்ந்து வரும்போது தலையில் என்ன இருக்கிறது என்று எந்த ரேடாரும் சொல்லாது. வெடிமுனைகளையும் ஏவுகணைகளையும் எண்ணப் பழகிய பழைய ஒப்பந்த முறை இந்த இடத்தில்தான் திணறுகிறது.

2024 நவம்பர் 21-ல் ரஷ்யா ஒரேஷ்னிக் என்ற புது ஏவுகணையை உக்ரைனின் த்னிப்ரோ நகரத்தின் மேல் ஏவியது. ஐஎன்எஃப் இருந்திருந்தால் இது பிறந்தே இருக்கக் கூடாத ரகம். ஏவுவதற்கு அரை மணி நேரம் முன்னால், இரு நாடுகளுக்கும் இடையே அணு அபாயத்தைக் குறைக்க 1987-ல் போட்ட உடன்பாட்டின்படி ஏற்படுத்திய மையங்களின் வழியாக அமெரிக்காவுக்குத் தகவல் போனதாக கிரெம்ளின் சொன்னது. நாள் முழுக்க ஆள் உட்கார்ந்திருக்கும் அறைகள் அவை, வேலையே ஒரு பக்கத்துச் செய்தியை இன்னொரு பக்கத்துக்கு வார்த்தை பிசகாமல் அனுப்புவதுதான். பெரிய ஒப்பந்தங்கள் எல்லாம் சரிந்த பிறகும் அந்த அறை மிஞ்சியிருக்கிறது.

இந்தியாவும் பாகிஸ்தானும் தங்கள் குண்டுகளை எண்ணிக்கொள்ளப்போவதில்லை, அதை எதிர்பார்ப்பதும் வீண். 1998 பொக்ரான் சோதனைக்கு முன் இந்திய விஞ்ஞானிகளும் பொறியியல் படையும் அமெரிக்கச் செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும் நேரத்தைக் கணக்கிட்டு இரவில் வேலை செய்தார்கள், அப்துல் கலாம் ராணுவ உடையில் மேஜர் ஜெனரல் பிருத்விராஜ் என்ற பெயரில் போய் வந்தார். நமக்கு அது பெருமைக்கதை, மறைப்பதில் உள்ள திறமையைக் கொண்டாடும் கதை. ஆனாலும் 1988-ல் போட்ட உடன்பாட்டின்படி 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் இரு நாடுகளும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன, இவற்றைத் தாக்க மாட்டோம் என்ற உறுதியோடு. கார்கில் போர் அதை நிறுத்தவில்லை, 2025 மே மோதலும் நிறுத்தவில்லை. பாலிஸ்டிக் ஏவுகணையை (உயரே எறிந்த கல் மாதிரி வளைந்து வந்து விழும் ரகம்) சோதிப்பதானால் மூன்று நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று 2005-ல் இன்னொரு உடன்பாடு.

இந்த இரண்டிலும் அடங்காத ஒன்று 2022 மார்ச் 9-ம் தேதி நடந்தது. இந்தியாவின் ஒரு பிரம்மோஸ் ஏவுகணை தவறுதலாகக் கிளம்பி, எல்லையைத் தாண்டி பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் மியான் சன்னு அருகே போய் விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. பிரம்மோஸ் க்ரூஸ் ரகம், 2005 உடன்பாடு பாலிஸ்டிக் ரகத்துக்கு மட்டும். க்ரூஸையும் சேர்த்திருந்தால் தீர்ந்திருக்குமா என்றால் அதுவும் இல்லை, தவறிப்போய்க் கிளம்புவதை எப்படி மூன்று நாள் முன்னதாகச் சொல்வது? 10-ம் தேதி பாகிஸ்தான் ராணுவம் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுச் சொன்னது. இந்தியா தொழில்நுட்பக் கோளாறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 11-ம் தேதி. பின்னால் விசாரணை நடந்து விமானப்படை அதிகாரிகள் மூன்று பேர் பதவி நீக்கப்பட்டார்கள்.

ராணுவத் தளபதிகள் மட்டத்தில் தொலைபேசித் தொடர்பு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் தவறிப்போய்க் கிளம்பிய ஏவுகணையைப் பற்றி இத்தனை நிமிடத்துக்குள், இந்த வாசகத்தில், இந்த அதிகாரி சொல்லியே தீர வேண்டும் என்று எழுதப்பட்ட கடமை அதற்குக் கிடையாது. அமெரிக்காவும் ரஷ்யாவும் வைத்திருக்கும் அந்த இரண்டு அறைகளைப் போல டெல்லியில் ஒன்று, இஸ்லாமாபாத்தில் ஒன்று, ஏவுகணை எந்த ரகமானாலும் சரி என்று ஒரு பின்னிணைப்பு. அதை எழுத ஒரு குண்டைக்கூடக் குறைக்க வேண்டியதில்லை, யாரும் யார் தளத்துக்குள்ளும் போக வேண்டியதில்லை. பேச்சுவார்த்தையே நடக்காத இந்த நிலையில் இதைக் கேட்பது கொஞ்சம் அதிகம்தான், தெரிகிறது. ஆனால் 1987-ல் அமெரிக்காவும் சோவியத்தும் அந்த உடன்பாட்டைப் போட்டபோது அவர்களுக்கு நடுவிலும் பெரிய உறவு ஒன்றும் கொழிக்கவில்லை.